பெயரும் எடையும்: தங்கக் காசுச் சேமிப்பின் சொல்வரலாறு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களாகிய நாம் கடைக்காரரிடம் பத்து வெள்ளி கொடுக்கிறோம். கொடுத்த தாளில் வெள்ளி இல்லை. மீதியாக ஐம்பது காசு வாங்குகிறோம். சோழர் கல்வெட்டுகளில் காசு என்பது பொன் நாணயத்தின் பெயர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகளை ஊர்ச் சபையாரிடம் முதலாக வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி பெறும் ஏற்பாடுகள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தக் காசு பிற்காலத்தில் செம்பாகி, இன்று நம் வாயில் வெள்ளியின் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மலாய் மொழியின் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லும் இவ்வாறானதே. பல்வெட்டிய விளிம்பு என்பதே அதன் முதற்பொருள். ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பைக் கண்டு மக்கள் இட்ட பெயர் அது. நாணயம் போய்விட்டது, விளிம்பும் போய்விட்டது, பெயர் மட்டும் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதனை ஒரு மொழியியலாளன் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், கடந்த இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியில் ஒரு நாணயப் பெயர் பலருடைய சேமிப்பைத் தன்பால் ஈர்த்து வருகின்றது. அது ‘தீனார்’. 2006-இல் கிளந்தான் மாநிலத்தில் தீனார் என்னும் பெயரில் தங்கக் காசுகள் அறிமுகம் செய்யப்பட்டன. 2010-இல் திர்ஹம் என்னும் வெள்ளிக் காசுகளோடு மீண்டும் வெளியிடப்பட்டன. அதன் பிறகு தனியார் விற்பனையாளர் பலர் அதே பெயரில் காசுகளை விற்கத் தொடங்கினர். வட்டியில்லாமலும், தாள்பணத்தின் தேய்மானத்திற்கு ஆட்படாமலும் சேமிக்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள், அவர்களுள் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இவற்றை வாங்கி வைக்கின்றனர். ஆசிரியர்களும் அவ்வாறு வாங்குவோருள் அடங்குவர். சமய நூல்களில் வரும் பெயர் என்பதால் அந்தக் காசுக்கே ஒரு சமயத் தகுதி உண்டு என்ற எண்ணம் பலரிடம் இருக்கின்றது. நான் மார்க்கச் சட்ட அறிஞன் அல்லன். சொற்களின் வழியே நடப்பவன். அந்த வழியே நடந்து பார்க்கையில், இஸ்லாமியச் சட்ட மரபு நாணயத்தின் பெயரை நம்பவில்லை என்பதும், எடையையும் மாற்றையும் கையில் இருப்பையுமே நம்பியது என்பதும் தெளிவாகத் தெரிகின்றன. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தீனாரின் பாட்டன்

தீனார் அரபுச் சொல் அன்று. உரோமர்களின் ‘தெனாரியஸ்’ என்னும் நாணயப் பெயரே கிரேக்கம், அரமேயம் ஆகியவற்றின் வழியாக அரபுக்கு வந்து சேர்ந்தது. பத்து என்னும் எண்ணோடு தொடர்புடைய பெயர் அது. அந்தத் தெனாரியஸ் தங்கக் காசும் அன்று, வெள்ளிக் காசு. மிளகுக்கும் மணிகளுக்கும் ஈடாகத் தமிழகத்திற்கு வந்து, கொங்கு நாட்டில் குவியல் குவியலாகப் புதைந்து கிடந்து, பிற்காலத்தில் உழவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவற்றுள் இந்த வெள்ளித் தெனாரியசுகள் பல. ஆகவே, தீனாரின் பாட்டன் அரபு நாட்டில் பெயர் பெறுவதற்கு முன்பே நம் முன்னோர் கையில் புழங்கியவன் என்று சொல்வதில் தவறில்லை. குப்தர் காலத்து வடஇந்தியக் கல்வெட்டுகளில் ‘தீனார’ என்பது பொற்காசைக் குறிக்கின்றது. மேற்கிலிருந்து கிழக்கே வரும் வழியில் வெள்ளியின் பெயர் பொன்னின் பெயராகிவிட்டது.

திர்ஹமும் அவ்வாறே இரவற் சொல். கிரேக்க ‘திராக்மே’ பாரசீகத்தில் ‘திரஹ்ம்’ ஆகி, அரபில் திர்ஹம் ஆயிற்று. நபிகள் நாயகம் வாழ்ந்த காலத்தில் ஹிஜாஸ் பகுதியில் தனி நாணயச்சாலை கிடையாது. பைசாந்தியப் பொற்காசும் பாரசீக வெள்ளிக்காசும் அங்கே புழங்கின. அவற்றில் கிறித்தவப் பேரரசனின் உருவமும் நெருப்புப் பீடத்தின் உருவமும் இருந்தன. குறைஷியர் அவற்றை எண்ணி வாங்காமல், வெட்டுத் தங்கத்தையும் வெட்டு வெள்ளியையும் வாங்குவது போல் நிறுத்தே வாங்கினர் என்று ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி எழுதுகிறார். நாணயங்கள் தேய்வன, ஓரம் வெட்டப்படுவன. எனவே வணிகர்கள் காசின் முகத்தைப் பார்க்காமல் தராசின் முள்ளைப் பார்த்தனர். அவர்கள் பயன்படுத்திய எடையின் பெயர் ‘மித்கால்’. எடை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. கனம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது.

உருவமில்லாமல் எழுத்து மட்டுமே பொறித்த முதல் தீனாரை உமையாக் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல், அதாவது பொது ஆண்டு 696-97-இல், அடித்தார். அதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம். பைசாந்தியக் காசை விட அது சற்றுக் குறைவு. மக்கா நகரத்து மித்காலுக்கு இணங்க அது அமைந்தது என்பது மரபு. சில ஆண்டுகளில் திர்ஹமும் திருத்தப்பட்டது. ஏழு மித்கால் எடை பத்து திர்ஹம் எடைக்குச் சமம் என்ற விகிதம் நிலைபெற்றது. கணக்கிட்டால் திர்ஹம் ஒன்று 2.975 கிராம் ஆகும். இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. திருக்குர்ஆனில் தீனார், திர்ஹம் ஆகிய இரண்டு பெயர்களும் வருகின்றன. யூசுஃப் நபி சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்ட செய்தியில் ஒன்று வருகின்றது. ஒரு தீனாரைக் கூடத் திருப்பித் தராத மனிதனைப் பற்றிய வசனத்தில் மற்றொன்று வருகின்றது. ஆனால் அவ்வசனங்கள் அருளப்பட்ட காலத்தில் முஸ்லிம்கள் அடித்த தீனார் என்று ஒன்று இல்லை. அங்கே பேசப்படுவது அந்நியப் பேரரசின் காசு. இன்று ஈராக், குவைத், ஜோர்தான், துனிசியா முதலிய நாடுகளில் தீனார் என்பது தாள். பெயரைப் புனிதமாகக் கொள்பவர் எந்தத் தீனாரைப் புனிதமாகக் கொள்வது?

விதைகளும் மாற்றும்

நாணயம் மாறிக்கொண்டே இருக்கும் உலகில் எடையை எதைக் கொண்டு நிலைநிறுத்துவது? மூன்று மொழியினரும் ஒரே விடையைக் கண்டனர்: விதை. அரபியர் கரோப் மரத்தின் விதையைக் கொண்டு ‘கீராத்’ என்றனர். கிரேக்கத்திலிருந்து வந்த அச்சொல்லே நகைக்கடைகளில் நாம் சொல்லும் காரட். தமிழர் குன்றியையும் மஞ்சாடியையும் கழற்சிக்காயையும் கொண்டனர். கழற்சியிலிருந்து கழஞ்சு வந்தது. மலாய்க்காரர் ‘சாகா’ விதையைக் கொண்டனர். சாகா என்பது நம் மஞ்சாடியின் இனமே. செம்பவளம் போன்ற அந்த விதையைச் சிங்கப்பூர்ப் பள்ளித் திடல்களில் இன்றும் பிள்ளைகள் பொறுக்குகின்றனர். நூறு விதை சேர்த்தால் நினைத்தது நடக்கும் என்று அவர்கள் நம்புவதும் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களின் பொன் எடையில் 12 சாகா ஒரு ‘மாயாம்’, 16 மாயாம் ஒரு ‘புங்கால்’. புங்கால் ஒன்று ஏறத்தாழ 53.9 கிராம். ஹனஃபிச் சட்ட நூல்களில் மித்கால் ஒன்றுக்கு 20 கீராத். தமிழ் வாய்பாட்டில் கழஞ்சு ஒன்றுக்கு 20 மஞ்சாடி. இந்த ஒற்றுமையிலிருந்து பெரிய முடிவு எதையும் நான் இழுக்க மாட்டேன். கைவிரல்களையும் கால்விரல்களையும் கூட்டினால் யாருக்கும் இருபதுதான்.

தென்கிழக்காசியாவிற்கு அரபு நாணயப் பெயர்கள் வந்தபோது நிகழ்ந்ததுதான் மிகவும் சுவையானது. சுமத்ராவின் வடகோடியில் இருந்த சமுத்திரா-பாசாய் அரசில் பதினான்காம் நூற்றாண்டிலேயே சிறு பொற்காசுகள் அடிக்கப்பட்டன. எடை ஏறத்தாழ 0.6 கிராம், சட்டைப் பொத்தானை விடச் சிறியவை. அவற்றின் பெயர் திர்ஹம்! அரபு நாட்டில் வெள்ளிக்குரிய பெயர் இங்கே தங்கத்திற்கு வழங்கியது. பின்னர் அச்சேயிலும் அதுவே வழக்காயிற்று. அக்காசுகளின் சிறுமையைக் கண்டு, தென்னிந்தியப் ‘பணம்’ என்னும் பொற்காசின் சாயல் அதில் உண்டென்று கருதும் நாணயவியலாளர் உளர். பணமும் ஒருகாலத்தில் அரைக் கிராமுக்கும் குறைந்த தங்கக் காசாக இருந்தது. இன்று எல்லாச் செல்வத்திற்கும் பொதுப்பெயர். ஜொகூர், கெடா, பட்டாணி, கிளந்தான், திரெங்கானு அரசுகளில் ‘மாஸ்’ என்னும் காசு வழங்கியது. ‘எமாஸ்’ என்றால் பொன். அதுவே எடையின் பெயர், அதுவே காசின் பெயர். தமிழில் பொன் என்னும் சொல் உலோகத்தையும் நாணயத்தையும் குறித்தது போன்றதே இது. கிளந்தானிலும் பட்டாணியிலும் மான் உருவம் பொறித்த தங்கக் காசு புழங்கியது. அந்த மான்தான் இன்று மலேசிய மத்திய வங்கியின் சின்னமாகத் துள்ளுகின்றது. 2001-இல் வெளியிடப்பட்ட ‘கிஜாங் எமாஸ்’ தங்கக் காசிலும் அது நிற்கின்றது. கிளந்தானின் பழைய பொற்காசின் பெயர் தீனார் அன்று என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

எடை தெரிந்தால் போதுமா? தங்கத்தின் தரமும் தெரிய வேண்டும். தமிழில் அதற்கு மாற்று என்று பெயர்; உரைகல்லில் தேய்த்துப் பத்தரை மாற்று என்பர். பேச்சுத் தமிழில் அது ‘மாத்து’. மலாயில் பொன்னின் தரத்தைக் குறிக்கும் ‘முத்து’ என்னும் சொல்லை அகராதியாளர் இதனோடு தொடர்புபடுத்துவர். பத்து முத்துப் பொன் என்றால் சுத்தத் தங்கம். தங்கத்திற்கு மட்டும் உரிய அச்சொல் இன்று மலாயில் கல்வியின் தரம், அரிசியின் தரம், இலக்கியத்தின் தரம் எல்லாவற்றையும் குறிக்கின்றது. முதல் என்னும் தமிழ்ச்சொல் ‘மோடால்’ ஆகியும், கடை ‘கெடாய்’ ஆகியும் மலாயில் வாழ்வதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மாற்று என்னும் இச்சொல்லையும் அவற்றோடு சேர்த்துச் சொல்லலாம்.

இருபது என்னும் எல்லை

இனிச் சட்டத்திற்கு வருவோம். தங்கத்தின் மீதான ஸகாத் கடமைக்கு எல்லைக்கோடு இருபது தீனார். வெள்ளிக்கு இருநூறு திர்ஹம். இந்த எல்லைக்கு ‘நிஸாப்’ என்று பெயர். இந்த அளவு ஒரு சந்திர ஆண்டு முழுவதும் ஒருவருடைய உடைமையாக இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இருபது தீனாருக்கு அரைத் தீனார். இருபது தீனார் என்று நூல்களில் இருந்தாலும் சட்ட அறிஞர்கள் அதனை இருபது மித்கால் எடை என்றே படித்தனர். எனவேதான் இன்று அது 85 கிராம் என்று கணக்கிடப்படுகின்றது. தமிழ்ப் பெண்களின் கணக்கில் சொன்னால் பத்தரைப் பவுனுக்கு மேல் ஏறத்தாழ ஒரு கிராம். சிங்கப்பூரில் 86 கிராம் என்று கொள்ளும் வழக்கம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்பர். வேறுபாட்டிற்குக் காரணம் மார்க்கம் அன்று, வாற்கோதுமை மணி. பழைய எடையை எந்த மணியைக் கொண்டு மீட்டெடுத்தனர் என்பதைப் பொறுத்து ஓரிரு கிராம் ஏறும், இறங்கும்.

இப்போது கிளந்தான் தீனாரை எடுத்துக்கொள்வோம். எடை 4.25 கிராம், மாற்று 22 காரட். அதாவது, அதில் உள்ள சுத்தத் தங்கம் ஏறத்தாழ 3.9 கிராம். இருபது காசு சேர்த்தவர் தம்மிடம் இருபது தீனார் இருப்பதாகக் கருதுவார். ஆனால் அவரிடம் உள்ள சுத்தத் தங்கம் 78 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தங்கம் மிகுந்த கலவையை முழுத் தங்கமாகவே எண்ணும் ஹனஃபி மரபின்படி அவர் நிஸாபை எட்டிவிட்டார். சுத்தத் தங்கத்தை மட்டுமே எண்ணும் ஷாஃபிஈ மரபின்படி அவர் இன்னும் எட்டவில்லை. இருபத்திரண்டாம் காசை வாங்கும்போதுதான் எட்டுவார். மலேசிய முஸ்லிம்களிடையே ஷாஃபிஈ மரபே மேலோங்கியது. தமிழ் முஸ்லிம்களுள் மரைக்காயர்கள் ஷாஃபிஈ மரபினர், இராவுத்தர்கள் ஹனஃபி மரபினர். ஒரே தெருவில், ஒரே எண்ணிக்கைக் காசு வைத்திருக்கும் இருவருக்கு இரண்டு விடை. கையிருப்பில் வேறு பணம் இருந்தால் அதையும் கூட்டுவதால் நடைமுறையில் இந்த நுட்பம் பலருக்கு எழாது. ஆயினும் காசின் மேல் எழுதிய பெயரை எண்ணிவிட்டுக் கணக்கை முடிக்க இயலாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டா.

அந்தக் காசு செலவாணியாகுமா என்ற கேள்வியும் அன்று எழுந்தது. மலேசிய அரசியலமைப்பில் நாணயம் கூட்டரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகவே, தீனார் சட்டமுறைச் செலவாணியாக முடியவில்லை. விரும்பினால் கொடுத்து விரும்பினால் வாங்கும் தங்கப் பொருளாகவே நின்றது. அதற்கு முன், 2000-களின் தொடக்கத்தில், பிரதமர் டாக்டர் மகாதீர் முன்மொழிந்த தங்கத் தீனார் வேறு. நாடுகளுக்கிடையிலான வாணிகக் கணக்கைத் தீர்ப்பதற்கான ஏற்பாடு அது; மக்களின் சட்டைப்பைக்கானது அன்று. இரண்டும் ஒரே பெயரால் வழங்கியதால் ஏற்பட்ட குழப்பம் இன்றும் பேச்சில் தொடர்கின்றது.

சேமிப்பா, பதுக்கலா

தமிழில் சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. அரபிலும் ‘இத்திகார்’ வேறு, ‘கன்ஸ்’ வேறு. பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைத்துக்கொண்டு இறைவழியில் செலவிடாதோரைக் குறித்துத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 34-ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கின்றது. அங்கே வருவது கன்ஸ் என்னும் வேர். எது கன்ஸ் என்பதில் நபித்தோழர்களிடையே கருத்து வேறுபட்டது. தேவைக்கு மிஞ்சியதை வைத்திருப்பதே குற்றம் என்பது அபூதர் அல்-ஃகிஃபாரியின் உறுதியான நிலை. ஸகாத் கொடுக்கப்பட்ட செல்வம் பதுக்கல் ஆகாது என்பது இப்னு உமர் முதலியோர் கருத்து. பெரும்பான்மையோர் இதனையே ஏற்றனர். சிறுபான்மைக் குரலாக நின்றாலும் அபூதரின் கேள்வி மறைந்துவிடவில்லை. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலாகிய ‘இஹ்யா’வில் பொன்னையும் வெள்ளியையும் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். தனக்கென நிறமில்லாததால் கண்ணாடி எல்லா நிறத்தையும் காட்டுகின்றது, நாணயமும் அவ்வாறே. அதனைப் பூட்டி வைப்பவன் நீதிபதியைச் சிறையில் அடைத்தவனுக்கு ஒப்பானவன் என்பது அவர் காட்டும் மற்றோர் உவமை. தங்கக் காசு விற்பனைத் துண்டறிக்கைகளில் கஸ்ஸாலியின் பெயர் வருவதுண்டு. நீதிபதியின் சிறைவாசம் மட்டும் அவற்றில் ஏனோ இடம்பெறுவதில்லை.

ஸகாத் என்பது பூட்டிய பெட்டியின் மேல் ஆண்டுதோறும் விழும் அரம். ஒருவர் நூறு தீனாரைப் பெட்டியில் வைத்துவிட்டு அதனை எதிலும் ஈடுபடுத்தாமல், ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்தே நாற்பதில் ஒரு பங்கு கொடுத்துவந்தால் பத்தாண்டில் 77 தீனாரும் சொச்சமும் மிஞ்சும். அறுபத்து நான்காவது முறை கொடுத்த பின் அது இருபதுக்குக் கீழே இறங்கிக் கடமையிலிருந்து விடுபடும். வகுப்பறையில் மாணவர்களிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லலாம். கூட்டுவட்டி வாய்பாட்டைத் தலைகீழாகத் திருப்பிய கணக்கு இது. தாள்பணத்தைத் தேய்ப்பது விலைவாசி என்றால், பெட்டித் தங்கத்தைத் தேய்ப்பது கடமை. தேய்ந்தது ஏழையின் கைக்குப் போகின்றது என்பதே வேறுபாடு. தங்கத்தின் விலையேற்றம் இத்தேய்வை ஈடுசெய்யும் என்போர் உண்டு. பல ஆண்டுகளில் அவ்வாறே நடந்துள்ளது. ஆயினும் விலை இறங்கிய ஆண்டுகளும் உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள இடைவெளியும் உண்டு. காசு சிறிதாகச் சிறிதாகக் கிராமுக்கு நாம் கொடுக்கும் அச்சுச் செலவு கூடும். ஓராண்டுத் தேவைக்கான பணத்தைத் தங்கக் காசாக்கி வைப்பது எனக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை. பிள்ளையின் உயர்கல்விக்கு, ஹஜ்ஜுக்கு என்று பத்தாண்டு தள்ளி நிற்கும் தேவைக்கானால் அது வேறு செய்தி.

கைக்குக் கை

வாங்கும் முறைக்கும் விதி உண்டு. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்தோடு மாற்றும்போது சமத்துக்குச் சமமாகவும் கைக்குக் கையாகவும் மாற்ற வேண்டும் என்பது புகழ்பெற்ற நபிமொழி. தவறினால் அது ‘ரிபா’ ஆகும். இதற்கு விளக்கமாகக் கைபர் போரை ஒட்டிய ஒரு நிகழ்ச்சியும் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. தங்கமும் மணிகளும் கோத்த மாலை ஒன்றை ஃபழாலா பின் உபைத் என்னும் தோழர் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார். பிரித்து நிறுத்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருந்தது. பிரித்தறியாமல் இவ்வாறு விற்கலாகாது என்று நபிகள் நாயகம் கூறினார்கள். வாங்கியவருக்கு ஆதாயம்தானே என்று நமக்குத் தோன்றும். சட்டம் ஆதாயத்தைப் பார்க்கவில்லை. தெரியாத எடையைப் பார்த்தது.

இன்று நாம் தங்கத்திற்குத் தாள்பணம் கொடுக்கிறோம். இனம் வேறாதலால் சமம் வேண்டுவதில்லை. கைக்குக் கை என்னும் விதி மட்டும் நிற்கின்றது என்பது இக்கால அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. இதனால் தவணை முறையில் தங்கக் காசு வாங்குவது கேள்விக்குரியதாகின்றது. 2011-இல் மலேசிய தேசிய ஃபத்வாக் குழு தங்க முதலீட்டுக்கான வரையறைகளை ஆராய்ந்தபோதும் உடனடிக் கைமாற்றமும் பொருளின் மீதான உண்மை உடைமையும் நடுவாக நின்றன. ‘கையிலே காசு, வாயிலே தோசை’ என்று நம் ஊரில் சொல்வார்கள். தோசைக்காரர் அறிந்த நெறி தங்கத்திற்கும் பொருந்துகின்றது. தங்கத்தைக் கொடுக்காமல் சீட்டை மட்டும் கொடுத்து, மாதந்தோறும் ‘ஹிபா’ தருவதாகச் சொன்ன திட்டங்கள் இந்நாட்டில் வந்து சென்றன. பலருடைய சேமிப்பை எடுத்துச் சென்றன. ஹிபா என்றால் நன்கொடை. முன்கூட்டியே விழுக்காடு சொல்லித் தரப்படும் ஒன்றை நன்கொடை என்று அழைக்க முடியுமா என்பதை மார்க்க அறிவு இல்லாதவரும், சொற்பொருள் அறிந்திருந்தால், கேட்டிருக்கலாம்.

பவுனும் அடகும் மாலையும்

இப்பகுதித் தமிழர்கள் தீனாரில் சேமித்தவர்கள் அல்லர், பவுனில் சேமித்தவர்கள். பிரிட்டிஷ் பவுண்டு நமக்குப் பவுனாயிற்று, ‘சாவரின்’ நமக்குச் சவரனாயிற்று. அக்காசின் எடை 7.98 கிராம், 22 காரட். 1906-இல் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி, பிரிட்டிஷ் நாணயத்தோடு பிணைக்கப்பட்டபோது ஏழு பவுன் அறுபது வெள்ளிக்குச் சமம் என்று விதித்தனர். காசு மறைந்த பின்னும் பவுன் என்பது எட்டுக் கிராம் எடையின் பெயராக நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. நாணயப் பெயர் எடைப் பெயராக மாறிய அரிய சான்று அது; தீனாரை மித்கால் என்று படித்த சட்ட அறிஞர் செய்ததை நம் பாட்டிமார் தாமாகவே செய்திருக்கின்றனர்.

மலாய்க் கிராமங்களில் ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்பியோர் வட்டியை அஞ்சி வங்கியை நாடாமல் வீட்டிலேயே பணம் சேர்த்தனர். நிலத்தையும் கால்நடையையும் விற்றனர். திரும்பி வந்தபோது பலருக்குப் பிழைப்புக்கு வழியில்லை. இதைக் கண்டு பேராசிரியர் உங்கு அசீஸ் 1959-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் விளைவாக 1963-இல் தோன்றிய சேமிப்பு நிறுவனமே பின்னாளில் தாபோங் ஹாஜி ஆயிற்று. பெட்டியில் இருந்த பணத்தை உழைக்கச் செய்து, வட்டியையும் தவிர்த்த ஏற்பாடு அது. கஸ்ஸாலி கேட்ட விடுதலை ஒருவகையில் அங்கே கிடைத்தது எனலாம். அடகிலும் அப்படியொரு மாற்றம் 1992-இல் திரெங்கானுவில் தொடங்கியது. ‘அர்-ரஹ்னு’ என்னும் அம்முறையில் கடனுக்கு வட்டி இல்லை. நகையைக் காத்து வைப்பதற்குக் கூலி உண்டு. கூலி கடன் தொகையைப் பொறுத்ததன்று, தங்கத்தின் மதிப்பைப் பொறுத்தது. இங்கும் நிறுவையே அளவு. பள்ளி திறக்கும் மாதத்தில் இன வேறுபாடின்றி எல்லாரும் அந்தக் கடைகளில் வரிசையில் நிற்பதைக் காணலாம்.

கடைசியாக ஒரு சிக்கல். ஷாஃபிஈ மரபில், பெண் அணிந்துகொள்ளும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை; பெட்டியில் சேமித்த காசுக்கு உண்டு. ஹனஃபி மரபில் இரண்டுக்கும் உண்டு. மலேசிய மாநிலங்கள் அணியும் நகைக்கு வழக்காற்றை ஒட்டி ஓர் அளவு வகுத்துள்ளன. ‘உருஃப்’ எனப்படும் அவ்வளவு சிலாங்கூரில் 800 கிராம். அப்படியானால் காசுமாலை நகையா, காசா? நூறு பொற்காசைக் கோத்துக் கழுத்தில் இட்டால் அது அணி. கழற்றிப் பெட்டியில் வைத்து, விலையேறும்போது விற்கலாம் என்று எண்ணினால் அது சேமிப்பு. சவரன் காசுகளைப் பதித்த மலாய் மார்பணிகளுக்கும் இதே கேள்வி உண்டு. ஷாஃபிஈ நூலாசிரியர்கள் இதனை விட்டுவைக்கவில்லை. காசைத் துளைத்துக் கோத்ததா, துளைக்காமல் வளையம் பற்றவைத்துக் கோத்ததா என்பது வரை பிரித்து வாதிட்டுள்ளனர். வளையம் இட்டால் காசு தன் காசுத்தன்மையை இழந்து அணியாகிவிட்டது என்பது அவர்களுள் சிலர் முடிவு. தட்டார் ஊதுகுழலால் வைக்கும் ஒரு சிறு பற்று, ஒரு சொல்லை மாற்றி, அதனோடு ஒரு கடமையையும் மாற்றிவிடுகின்றது.